ஏழில் ஒன்று

"இன்றைக்கும் நாலு போச்சு, இன்ஹே."

அந்த மாதம் முழுக்கப் பசுமைக்குடில் கதவைத் திறந்ததும் என் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான். சொன்னவர் என் உதவியாளர். வயதில் என் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். பீன்ஸ் பூவைப் பிரித்துக் கலப்புச் செய்வதில் அந்த வட்டாரத்தில் அவர் கைக்கு இணையில்லை. அதனால் எல்லாரும் அவரை 'மாஎஸ்த்ரோ' என்றே அழைத்தார்கள். போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்து நம்மிடம் 'மேஸ்திரி' ஆகிவிட்ட சொல்லுக்கு இது பங்காளி. கொலம்பியாவில் வேளாண்மை படித்தவனும் இன்ஜினியர்தான், 'இன்ஹெனியேரோ'. அதன் சுருக்கம் இன்ஹே. என் பெயரை உச்சரிக்கும் முயற்சியை முதல் வாரமே கைவிட்டுவிட்டு என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் உளுந்திலும் தட்டைப்பயறிலும் கலப்புச் செய்து கை பழகியவன் நான். உளுந்துப் பூவோடு மல்லுக்கட்டியவனுக்குப் பீன்ஸ் பூ எம்மாத்திரம் என்ற மெத்தனத்தோடுதான் காவ்கா பள்ளத்தாக்குக்குப் போனேன். இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், கண்ணுக்கு எட்டிய மட்டும் கரும்பு. அந்தக் கரும்புக்கு நடுவே பல்மீரா ஊர்ப்பக்கம் 1967இல் தொடங்கிய பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம் இருக்கிறது. சியாத் என்பார்கள். அதன் விதை வங்கியில் பீன்ஸ் மட்டும் 37,000 மாதிரிகளுக்கு மேல். பீன்ஸில் வேலை செய்கிறவன் எங்கே சம்பளம் வாங்கினாலும் ஒரு முறையாவது அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. நான் இருந்தது அதே பள்ளத்தாக்கில் வேறொரு சின்னத் திட்டம். இரண்டு பசுமைக்குடில், ஒரு கொட்டகை, போபயான் போகும் பாதையில் 1,700 மீட்டர் உயரத்தில் ஒரு துண்டு நிலம். அவ்வளவுதான் எங்கள் ராஜ்யம்.

நம் வீட்டில் பொரியலுக்கு நறுக்கும் பீன்ஸும், வடநாட்டு மளிகைக் கடையில் வாங்கும் ராஜ்மாவும் ஒரே செடி. காயைப் பிஞ்சில் பறித்தால் பீன்ஸ், முற்றவிட்டு உரித்தால் ராஜ்மா. கொலம்பியாவில் காய்க்கு மதிப்பில்லை, பருப்புக்குத்தான். 'ஃப்ரிஹோல்' இல்லாத மதியச் சாப்பாட்டை அந்த ஊர்க்காரர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க மாட்டார்.

முதல் நாள் மாஎஸ்த்ரோ மேசைமேல் இரண்டு குவியல் வைத்தார். ஒன்று பளபளக்கும் சின்னக் கறுப்பு விதை. நூறு விதை 25 கிராம்கூடத் தேறாது. இன்னொன்று சிவப்பில் வெள்ளை தெறித்த பெரிய விதை. நூறு எண்ணினால் 40 கிராமைத் தாண்டும். கறுப்பைக் காட்டி "இது மெக்சிகோ பக்கத்துச் சொந்தம்" என்றார். சிவப்பைக் காட்டி "இது நம்ம மலை" என்று தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். நம்ம மலை என்றால் ஆண்டீஸ்.

நான் படித்த பாடத்தை அவர் இரண்டே வரியில் சொல்லி முடித்துவிட்டார். காட்டு பீன்ஸ் செடி, மனிதன் கை படுவதற்கு வெகுகாலம் முன்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கிளை மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். மற்றது ஆண்டீஸ் மலைத்தொடர் நெடுக. பிரிந்து ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் ஆண்டு இருக்கும் என்று 2014இல் வெளியான பீன்ஸ் மரபணுத்தொகுதி ஆய்வு கணக்கிட்டது. பிறகு சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன், இரண்டு இடத்திலும் இரண்டு கூட்டத்து மனிதர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, அதைப் பயிராக்கினார்கள். ஒரே இனம், இரண்டு குலம்.

இந்த இரண்டு குலத்தையும் சேர்த்துவைப்பதுதான் என் வேலை. காரணம், நோய். கோண இலைப்புள்ளி நோய் தரும் பூஞ்சையும் பீன்ஸோடு சேர்ந்தே வளர்ந்து இரண்டு குலமாகப் பிரிந்திருக்கிறது. ஆண்டீஸ் வகைப் பூஞ்சை முக்கியமாக ஆண்டீஸ் செடியைத்தான் பிடிக்கும். அதற்கு எதிர்ப்புச் சக்தி வேண்டுமென்றால் மறு குலத்தில்தான் தேட வேண்டும். மலையின் பெரிய சிவப்பு விதைக்குச் சின்னக் கறுப்பின் எதிர்ப்புச் சக்தியை ஊட்டிவிட்டால் போதும் என்று கிளம்பினேன்.

பீன்ஸ் பூவில் கலப்புச் செய்வது பார்க்க எளிது, செய்யும்போதுதான் முதுகு வலிக்கும். மறுநாள் காலை விரியப்போகிற மொட்டு வேண்டும். உப்பி, நிறம் தட்டி, ஆனால் இதழ் பிரியாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் உள்ளேயே தன் மகரந்தத்தால் சூல் பிடித்துவிடும். அவ்வளவு சுயநலமான பூ. மாஎஸ்த்ரோ கொடியிதழைப் பின்னுக்கு மடக்கி, சிறகிதழை ஒதுக்கி, நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் படகிதழை இடுக்கியால் நீளவாக்கில் கீறுவார். உள்ளே பத்து மகரந்தத் தாள், ஒன்பது ஒட்டி, ஒன்று தனியாக. நடுவே வளைந்த சூலகத் தண்டு, நுனியில் மெல்லிய மயிர்க்கற்றை. ஆண் பக்கத்துக்கு அன்று காலை விரிந்த பூ. அதன் சிறகிதழை அழுத்தினால் மகரந்தம் அப்பிய சூலகமுடி வெளியே வரும். அதை அப்படியே கிள்ளி, பெண் பூவின் சூலகமுடியில் கொக்கி போல மாட்டிவிடுவார். இரண்டு வளைவும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கும். மடக்கிய கொடியிதழைத் திரும்ப மூடி, காம்பில் ஒரு வண்ண நூல். முடிந்தது. அவர் ஒரு பூவை முடிக்கும் நேரத்தில் நான் மொட்டின் கழுத்தை ஒடித்திருப்பேன்.

கலப்பு ஆனதா, செடி தன்னைத்தானே சூல்கொண்டதா என்று அறிய ஒரு தந்திரம் உண்டு. கறுப்பு விதைக்காரனுக்கு முளைத்தண்டு ஊதா. சிவப்புக்காரிக்குப் பச்சை. ஊதா மேலோங்கிய குணம். சிவப்பைத் தாயாக வைத்துக் கறுப்பை மாட்டினால், முளையில் ஊதா வந்தது கலப்பு, பச்சையாக வந்தது கலப்பு தப்பியது.

விதைகள் வந்தன. "பாதியை மேலே அனுப்பிவிடலாம் இன்ஹே, கீழே எது வந்தாலும் மேலே கொஞ்சம் மிஞ்சும்" என்றார் மாஎஸ்த்ரோ. சரியென்று பாதியை மலை நிலத்துக்கு அனுப்பினேன். மீதியைப் பள்ளத்தாக்குப் பசுமைக்குடிலில் தொட்டிகளில் ஊன்றினேன்.

ஊதாத் தண்டுகள் அழகாகத்தான் வந்தன. முதல் இரண்டு இலை விரிந்தது. மூன்றிலை வந்ததும் வளர்ச்சி நின்றுவிட்டது. இலை சிறுத்து, சுருங்கி, விறைத்தது. தண்டு நீளாமல் தடித்தது. தொட்டியைத் தட்டிப் பார்த்தால் வேர் பழுப்பேறிக் கிடந்தது. கிளைவேரே இல்லை, தேய்ந்த துடைப்பக் குச்சி மாதிரி. சில செடி செத்தன. மீதி சாகாமல், வளராமல், மூன்று வாரத்துக் குழந்தையாகவே நின்றன.

வேரழுகல் என்றேன். மண் கலவையை மாற்றச் சொன்னேன், ஆவியில் அவித்தோம், பூஞ்சைக்கொல்லி ஊற்றினோம். பிறகு நூற்புழுவைச் சந்தேகித்தேன். பிறகு வைரஸ். பீன்ஸ் தேமல் வைரஸில் ஒரு கொடிய வகை, எதிர்ப்பு மரபணு உள்ள செடியில் வெயில் ஏறும்போது நரம்பையும் வேரையும் கருக்கிவிடும். கருவேர் நோய் என்பார்கள். எல்லாம் பொருந்துகிறதே என்று துள்ளினேன். இலை மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினேன். வைரஸ் இல்லை என்று வந்தது. சோதனையில் தவறு என்று திரும்ப அனுப்பினேன். திரும்பவும் இல்லை.

கடைசியில் நான் செய்தது இன்றும் உறுத்துகிறது. தண்ணீர் அதிகம் ஊற்றியதால் வேர் மூச்சுத்திணறியிருக்குமோ என்று மாஎஸ்த்ரோவிடமே கேட்டேன். கேள்வி மாதிரி கேட்டேன், ஆனால் குற்றச்சாட்டுதான். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு தட்டைத் தூக்கி என் முன் வைத்தார். செத்துக்கொண்டிருந்த ஊதாத் தண்டுகளுக்கு நடுவே மூன்று பச்சைத் தண்டுகள் முழங்கை உயரத்துக்குச் செழித்து நின்றன. கலப்பு தப்பியவை.

"ஒரே மண், ஒரே தண்ணி. ஊதா மட்டும்தான் சாகுது, இன்ஹே."

நிறத்துக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். விடை அந்தத் தட்டிலேயே இருந்தது. ஊதா என்றால் கலப்பு. கலப்பு மட்டும் சாகிறது. நோய் இப்படி ஆள் பார்த்து வருமா? தட்டின் மூலையில் தொடங்கும், பக்கத்துச் செடிக்குத் தாவும். இது அப்படிப் பரவவில்லை. எல்லா ஊதாவும் ஒரே வாரத்தில், ஒரே மாதிரி நின்றுவிட்டது. எனக்கு அது உறைக்கவில்லை. "பிடுங்கிப் போடுங்கள்" என்றேன்.

"எத்தனைன்னு எழுதிக்கவா?"

"செத்ததை எழுதி என்ன செய்யப்போகிறோம்?"

அடுத்த வாரம் மலைக்குப் போனேன். அங்கே அதே கலப்பு, அதே நாளில் ஊன்றிய ஊதாத் தண்டுகள், இடுப்பளவு வளர்ந்து பூத்துக் குலுங்கின. ஒன்றுகூடச் சாகவில்லை. வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே பகலிலும் ஒரு சட்டை மேல் இன்னொரு சட்டை போட வேண்டிய குளிர். கீழே பசுமைக்குடிலுக்குள் பிற்பகலில் 30 டிகிரியைத் தாண்டிய புழுக்கம். மண் வேறுதான், ஆனாலும் என் மனம் முதல்முறையாகத் தெர்மாமீட்டர் பக்கம் திரும்பியது.

திட்டத்தில் மூத்த ஆய்வாளர் ஒருவர் இருந்தார். நடந்ததைச் சொன்னதும் சிரித்தார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து நாலைந்து நகல்களை எடுத்து என் கையில் போட்டார். ஓரங்கள் மஞ்சளேறியிருந்தன. நான் மாதக்கணக்கில் தேடியது பதினைந்து வருடமாக அச்சில் இருந்திருக்கிறது. உளுந்துக்காரன் பீன்ஸ் படிக்காமல் வந்தால் இப்படித்தான்.

ஒரெகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷீ, மோக் குழுவினர் 1980இல் எழுதியது முதல் தாள். இரண்டு மரபணுக்கள். டிஎல்-1, டிஎல்-2 என்று பெயர். அளவைப் பொறுத்துக் கொல்வது என்பதன் சுருக்கம். டிஎல்-1 மட்டும் உள்ள செடிக்கு ஒரு குறையும் இல்லை. டிஎல்-2 மட்டும் உள்ளதும் திடகாத்திரம்தான். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால்தான் வினை. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இருந்தால், அதாவது முதல் தலைமுறைக் கலப்பில், செடி 20 டிகிரி அளவில் தப்பிக்கும், வெப்பம் ஏற ஏற முடங்கும். பிரதிகள் கூடினால் கொடுமையும் கூடும்.

1984இல் ஸ்ரீ பி. சிங்கும் குத்தியேரஸும் உலகத்து பீன்ஸ் வகைகளைச் சோதித்து, டிஎல்-1 சின்ன விதைக்காரர்களிடமும் டிஎல்-2 பெரிய விதைக்காரர்களிடமும் இருப்பதைக் காட்டினார்கள். 1985இல் பால் கெப்ட்ஸும் பிளிஸும் இந்தக் குட்டைப் பிள்ளைகளையே சாட்சியாக வைத்து, பீன்ஸில் இரண்டு குலங்கள் உண்டு என்று வாதாடினார்கள். நான் குப்பையில் கொட்டிய செடிகள் அவர்களுக்கு ஆவணம். இன்னொரு தாள் எனக்கு ஆறுதலாக இருந்தது. 1965இலேயே நெப்ராஸ்காவில் டெர்மட் காய்ன், வைரஸ் தாக்கியது போலவே தோன்றும் ஒரு பீன்ஸ் முடக்கம் மரபுவழி வருவது என்று எழுதியிருந்தார். வைரஸைத் தேடி அலைந்தவன் நான் ஒருவன் மட்டுமில்லை.

ஏன் இப்படி? ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் தனித்தனியே குடித்தனம் செய்தவர்கள். மூதாதையிடம் இரண்டு மரபணுவுமே சாதுவான வடிவில் இருந்திருக்கும். வடக்கே ஒன்று மாறி டிஎல்-1 ஆனது. தெற்கே மற்றொன்று மாறி டிஎல்-2 ஆனது. மாறியது இரண்டும் தத்தம் வீட்டில் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. டிஎல்-1 ஒருநாளும் டிஎல்-2வை எதிரே பார்த்ததில்லை, அதனால் இயற்கை அந்தச் சேர்க்கையைச் சோதித்து விலக்க வாய்ப்பே வரவில்லை. பேட்சன் 1909இல் கோடிட்டு, பின்னர் டோப்ஷான்ஸ்கியும் முல்லரும் விரித்த விளக்கம் இது. என் பசுமைக்குடிலில்தான் அவர்கள் முதல்முறை சந்தித்துக்கொண்டார்கள். நான் தரகன்.

படித்ததை நம்ப மாஎஸ்த்ரோவுக்கு ஒரு செயல் வேண்டியிருந்தது, எனக்கும்தான். ஒரெகான்காரர்கள் செய்த ஒட்டுக்கட்டும் சோதனையை நாங்களும் செய்தோம். பத்து நாள் நாற்று. முளைத்தண்டைச் சவர பிளேடால் குறுக்கே வெட்டி, அடித்துண்டில் ஒரு பிளவு. மேல்துண்டின் நுனியை ஆப்பு மாதிரி சீவிச் செருக வேண்டும். கட்ட நூல் இறுகும், நாடா வழுக்கும். மாஎஸ்த்ரோ கொட்டகையிலிருந்து குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ரா ஒன்றை எடுத்து வந்தார். விரல் நக அளவுக்கு நறுக்கி, நீளவாக்கில் கீறி, இணைப்பின் மேல் கவ்வவிட்டார். மேலே பாலித்தீன் பை, நிழல், நாலு நாள். அவர் கட்டியவை பிடித்தன. நான் கட்டியவற்றில் பாதி சாய்ந்தன.

நாலு விதமாகக் கட்டினோம். கறுப்பின் தலை கறுப்பின் வேரில், சிவப்பின் தலை சிவப்பின் வேரில். இவை இரண்டும் வெட்டுக்காயமே காரணமில்லை என்று காட்டுவதற்கு. மூன்றாவது, கறுப்பின் தலை சிவப்பின் வேரில். நான்காவது, சிவப்பின் தலை கறுப்பின் வேரில். புழுக்கமான குடிலிலேயே வைத்தோம். முதல் மூன்றும் வளர்ந்தன. நான்காவதைத் தொட்டியிலிருந்து கவிழ்த்தபோது மாஎஸ்த்ரோ 'ச்ச்' என்றார். அதே பழுப்பு, அதே துடைப்பக் குச்சி.

மரபணு கலக்கவே இல்லை. தலை தலையாகவும் வேர் வேராகவும் இருந்தன. ஆனாலும் கலப்புச் செடிக்கு வந்த சாவு அப்படியே வந்தது. டிஎல்-1 வேலை செய்வது வேரில், டிஎல்-2 வேலை செய்வது தண்டில். தண்டிலிருந்து ஏதோ ஒரு தூது கீழே இறங்குகிறது. அந்த வேர் அதைக் கேட்டுச் செத்துப்போகிறது. வீரிய ஒட்டு என்றும் ஒட்டு மாங்கன்று என்றும் நம் ஊரில் இரண்டையும் 'ஒட்டு' என்றே சொல்வோம். கல்லூரியில் பேராசிரியர்கள் அதைத் திருத்தாமல் விடமாட்டார்கள்: ஒன்று விதை வழி, மற்றது வெட்டு வழி. இந்த ஒரு விஷயத்தில் விவசாயியின் சொல்தான் சரியாக இருந்தது. இரண்டு ஒட்டும் ஒரே விடை தந்தன.

தூது என்னவென்று அப்போது தெரியாது. 2007இல் வந்த ஆய்வு, அந்தத் தூது இறங்கிய வேரில் சாலிசிலிக் அமிலம் ஏறி வேர்த் திசு சாவதைக் காட்டியது. ஆஸ்பிரினுக்கு உறவான அந்த அமிலம், செடிகளில் நோய் எதிர்ப்பின் அபாயச் சங்கு. கிருமியே இல்லாமல் சங்கு ஊதி, தன் வேரைத் தானே பகையாக எண்ணித் தீர்த்துக்கட்டுகிறது. நோய் என்று நான் கிடந்து தேடியதும் முழுப் பொய் இல்லை. நோயில்லாமலே நோயை எதிர்க்கும் உடம்பு அது.

இதற்குள் மலையிலிருந்து இரண்டாம் தலைமுறை விதை வந்து சேர்ந்தது. மேசையில் கொட்டியபோது சோழி கொட்டியது போலிருந்தது.    அதைப் பள்ளத்தாக்கில் ஊன்றினோம். மறுபடி சாவு தொடங்கியது. இந்த முறை எல்லாம் இல்லை, ஒரு பகுதி. பக்கத்துச் செடி செழிக்க, இது கருகியது.

"எண்ணியிருக்க வேண்டும், மாஎஸ்த்ரோ" என்றேன். "முதல் நாளிலிருந்தே எண்ணியிருந்தால் விகிதம் தெரிந்திருக்கும். இப்போது பாதி பிடுங்கியாகிவிட்டது."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். எண்ணெய்க் கறை படிந்த அட்டை. காலியான தொட்டியின் மண்ணை ஆவிக்கு அனுப்பும்போது கிடங்கில் எண்ணிக்கை கேட்பார்கள், அதற்காகத் தினமும் எழுதிவந்தாராம். தேதி, கலப்பு எண், பிடுங்கியது எத்தனை, முடங்கி நின்றது எத்தனை, நல்லது எத்தனை. முதல் தலைமுறையின் நாலு, ஆறு, பதினொன்றும் அதில் இருந்தன. நான் எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டது அப்போதுதான். தண்ணீர் விஷயத்துக்கும் சேர்த்து. "கிடங்குக்காரன் கேட்டான், எழுதினேன்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

இரண்டாம் தலைமுறையைக் கூட்டிப் பார்த்தோம். செத்ததும் முடங்கியதும் சேர்ந்து பாதிக்குக் கொஞ்சம் மேல். பேனாவை எடுத்துப் பதினாறு கட்டம் போட்டேன். இரண்டு மரபணு, ஒவ்வொன்றிலும் இரண்டு வடிவம். இரண்டு வினையும் ஒரே செடியில் சேரும் கட்டம் ஒன்பது. அதில் நாலு கட்டத்தில் ஒவ்வொன்றும் ஒரு பிரதி, அதாவது முடங்கிக் கிடப்பவை. ஐந்தில் மூன்று பிரதி அல்லது நாலு, நாற்றிலேயே போய்ச் சேர்பவை. மிச்சம் ஏழு கட்டம், பிழைப்பவை. ஒன்பதுக்கு ஏழு. கிடங்குக் கணக்கு அதை ஒட்டியே வந்தது.

எல்லாரும் ஒன்பதைத்தான் பார்ப்பார்கள். நானும் அதுவரை ஒன்பதைத்தான் பார்த்தேன். அன்று ஏழைப் பார்த்தேன். அந்த ஏழில் மூன்று டிஎல்-1 மட்டும் தாங்கியவை. மூன்று டிஎல்-2 மட்டும் தாங்கியவை. ஒன்று, ஒரே ஒன்று, இரண்டுமே இல்லாதது. அதை எந்தக் குலத்தோடும் சேர்க்கலாம், பிள்ளை பிழைக்கும். சிங் போன்றவர்கள் பாலம் என்று சொல்லும் பெற்றோர் அது.

பாலத்தின் அருமை கணக்கில் தெரியும். இப்படி ஒரு செடியைச் சின்னக் கறுப்போடு சேர்த்து, அந்தப் பிள்ளையைப் பெரிய சிவப்போடு சேர்த்தால், பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு டிஎல்-1 வருவதில்லை. அவர்கள் புழுக்கத்திலும் வளர்வார்கள். நேரடிக் கலப்பில் முதல் தலைமுறை மொத்தமும் முடங்கிய இடத்தில் பாதி பிழைப்பது கொள்ளை லாபம். விதை வங்கிகளிலும் பிறவியிலேயே இப்படி இரண்டும் இல்லாத வகைகள் உண்டு. ஆனால் எனக்கு வேண்டிய நோய் எதிர்ப்போடு சேர்ந்தது என் தட்டில்தான் இருந்தது. ஏழில் எது அது?

பார்த்தால் தெரியாது. ஏழும் ஒரே மாதிரி செழிப்பு. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்கும் வழி கலப்புதான். டிஎல்-1 உள்ளது என்று உறுதியான ஒரு சோதனைச் செடி, டிஎல்-2 உள்ளது ஒன்று. பிழைத்த ஒவ்வொரு செடியையும் இரண்டோடும் கலந்து, அந்த விதையைப் புழுக்கமான குடிலில் ஊன்ற வேண்டும். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பிழைத்தால் அதுதான் பாலம். எந்தச் சூட்டைத் தணிக்க ஒரு மாதமாக நிழல்வலை கட்டிக்கொண்டிருந்தேனோ, அதே சூட்டுக்காக வலையைக் கழற்றச் சொன்னேன். மாஎஸ்த்ரோ என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. வினையில் ஒரு பிரதி மட்டும் ஒளித்துவைத்திருக்கும் செடிக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பாதி பிழைக்கும். ஒரு காயில் ஐந்து விதை என்றால், அதிர்ஷ்டத்தால் ஐந்துமே பிழைத்து நம்மை ஏமாற்ற 32இல் ஒரு வாய்ப்பு. பத்து விதை பார்த்தால் ஏமாறும் வாய்ப்பு 1,024இல் ஒன்று. அதனால் ஒரு செடிக்குப் பக்கத்துக்குப் பத்து விதையாவது வேண்டும். கலப்பில் காய் பிடிப்பதே பாதி நாள் சந்தேகம். மாஎஸ்த்ரோ மூன்று மாதம் காலை ஆறு மணிக்கு வந்தார். ஒவ்வொரு பூவிலும் கொக்கி, ஒவ்வொரு காம்பிலும் நூல். ஒரு சோதனைச் செடியின் கலப்புக்கு வெள்ளை நூல், மற்றதன் கலப்புக்கு மஞ்சள். நான் மொட்டை ஒடிப்பது குறைந்திருந்தது.

நாற்றுகள் வந்தன. தினமும் நோட்டில் எழுதினார். இந்த வரிசையில் மூன்று, அந்த வரிசையில் எல்லாமே, இதில் பாதி. செத்தது ஒவ்வொன்றும் தன் தாயைப் பற்றி ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனது. இன்ன செடிக்கு டிஎல்-1 உண்டு, இன்னதற்கு டிஎல்-2 உண்டு. அந்த மூன்று மாதத்தில் நான் கற்றதில் பெரும்பகுதி செத்த செடிகள் சொன்னது. நல்ல செடி 'நன்றாக இருக்கிறேன்' என்பதற்கு மேல் பேசாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தேன். மாஎஸ்த்ரோ கடைசி மேசையருகே நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக்குப் பத்தாக இருபது தொட்டி. வெள்ளை நூல் பக்கமும் மஞ்சள் நூல் பக்கமும் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஒரு தொட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். வேர் பஞ்சு போல வெள்ளை வெளேரென்று தொட்டியின் வடிவத்தையே எடுத்திருந்தது.

அந்தச் செடியின் விதையைப் பிறகு உரித்துப் பார்த்தோம். நடுத்தர அளவு, சேற்று நிறம். மலைக்காரரும் வாங்க மாட்டார், மெக்சிகோக்காரரும் வாங்க மாட்டார். "இதைச் சமைத்துப் போட்டால் என் வீட்டுக்காரி என்னை வெளியே தள்ளிவிடுவாள்" என்றார் மாஎஸ்த்ரோ. அது ஒருநாளும் ரகமாக வெளிவரவில்லை, வரவும் வேண்டியதில்லை. காகிதப் பையில் ஒரு எண்ணாக இருந்துகொண்டு, அதற்குப் பின் நாங்கள் செய்த பெரும்பாலான கலப்புகளில் நடுவே வந்து நின்றுவிட்டுப் போனது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"இன்றைக்கு ஒன்றும் போகலை, இன்ஹே. எழுதணுமா?"

"எழுதுங்கள்" என்றேன். தேதி போட்டு, வரிசை எண் போட்டு, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பூஜ்யம் போட்டார்.